திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த சுவிட்ச்

நீதித்துறை நடுவரின் அறையில், சாட்சி தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம். சாட்சியின் பெயரும் இப்போது தங்கியிருக்கும் முகவரியும் அவர் கேட்டுக்கொண்டபடி தனி உறையில் வைத்து ஒட்டப்பட்டுள்ளன. வயது இருபத்து மூன்று. படிப்பு வணிகவியல் பட்டம். வேலை, அறக்கட்டளை அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அறையில் நடுவரையும் பதிவு செய்பவரையும் தவிர வேறு யாரும் இல்லை. சாட்சியுடன் வந்த பெண் வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சாட்சிக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. யோசிக்க நேரம் கொடுக்கப்பட்டது. சாட்சி தண்ணீர் கேட்டார், கொடுக்கப்பட்டது. அதன் பிறகு உறுதிமொழி எடுத்து அவர் சொன்னதாவது:

நான் வேலை பார்க்கும் அறக்கட்டளை ஒரு இலவசக் கண் மருத்துவமனையையும் ஒரு மாணவியர் விடுதியையும் நடத்தி வருகிறது. என் அப்பா அங்கே டிரைவர். அம்மா விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறார். விடுதிக்குப் பின்புறம் ஊழியர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது அறக்கட்டளைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது என்னை நன்றி கெட்டவள் என்று சொன்னால், அதைத் தெரிந்துகொண்டுதான் நான் இங்கே வந்தேன் என்று பதிவில் இருக்கட்டும்.

அலுவலகத்தின் ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அறையை விட்டு வெளியேறுபவர் மின்விசிறியையும் விளக்கையும் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். மறந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். தர்மக் காசில் காற்று வாங்கக் கூடாது என்பது தலைவரின் உத்தரவு. இதனால் எங்கள் ஊழியர்கள் எல்லாருக்கும் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டு எழுந்தவர்கள் பந்தி நடக்கும்போதே ஃபேனை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத் தட்டச்சர் அக்கா, "நம்ம ஆளுங்க சொர்க்கத்துக்குப் போனாக்கூட, வெளிய வரும்போது அங்க இருக்கற லைட்ட அணைச்சிட்டுத்தான் வருவாங்க" என்று சொல்வார். இந்தப் பழக்கத்தை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

சில காலத்துக்கு முன்பு அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. அறக்கட்டளைகளை நடத்தும் அறங்காவலர்கள் தங்கள் சொத்தையும், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளின் சொத்தையும் வருடந்தோறும் தெரிவிக்க வேண்டும். அந்த விவரங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போடப்படும். எங்கள் தலைவர் முதல் வருடம் அதன்படி கொடுத்தார், வெளியானது. அதன் பிறகு அவரும் வேறு சில அறக்கட்டளைக்காரர்களும் சேர்ந்து அந்த விதி செல்லாது என்று அறிவிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சம்பளம் வாங்காமல் சேவை செய்பவர்களின் அந்தரங்கத்தில் அரசு தலையிடுகிறது என்பது ஒரு வாதம். வீட்டில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தால் அவர்கள் உயிருக்கு ஆபத்து என்பது இன்னொரு வாதம். அந்த மனுவைப் படித்துப் பிழை திருத்தும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வாதம் பொய் என்று நான் நினைக்கவில்லை. அப்படியும் நடக்கலாம் என்றுதான் நினைத்தேன். தட்டச்சர் அக்கா மட்டும், "நம்ம சொத்து விவரத்தப் போட்டாங்கன்னா, வந்த திருடன் அழுதுட்டு, கையில இருக்கறத வெச்சிட்டுப் போவான்டி" என்றார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீதிபதிகள், ஆபத்து ஆபத்து என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த விதியால் யாருக்காவது இதுவரை ஆபத்து வந்திருக்கிறதா, ஒரு சம்பவத்தையாவது காட்டுங்கள் என்று கேட்டு வழக்கைத் தள்ளிவைத்ததாக அறக்கட்டளையின் செயலாளர் அலுவலகத்துக்கு வந்து சொன்னார். செயலாளர், தலைவரின் மைத்துனர். அப்போது நான் பக்கத்து அறையில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் இருப்பது மரத்தடுப்பு, மேலே திறந்திருக்கும். செயலாளர், "ஒண்ணே ஒண்ணு காட்டுங்கங்கறாங்கய்யா. எங்க போய்க் காட்டறது?" என்றார். எங்கள் மேலாளர், "காட்டிட்டாப் போச்சு சார்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். இப்போதும் அது வேடிக்கைப் பேச்சாகவே இருந்திருக்கலாம் என்றும் சொல்லிவைக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம், கையெழுத்துக்கான கடிதங்களைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தலைவர் வெளியூர் போயிருந்தார். நாங்கள் மேடம் என்று அழைக்கும் அவர் மனைவியும் ஒரு அறங்காவலர் என்பதால் அவர் கையெழுத்து போதும். அப்பாதான் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அப்பா வழக்கமாக வாசல் நிழலில் காரை நிறுத்திவிட்டுக் காருக்குள்ளேயே தூங்குவார். அன்றைக்கு, என்னை விட்டதும் காரை டயர் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரும்படி மேலாளர் காலையில் சொல்லியிருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் சொன்னதை நான் காதால் கேட்கவில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும்.

கையெழுத்து வாங்கும் அறை மாடியில் இருக்கிறது. அறங்காவலர் கூட்டமும் அங்கேதான் நடக்கும், செயலாளரும் மேலாளரும் அதற்குப் போவார்கள். சுவருக்குப் புது வர்ணம் அடித்தபோது சுவிட்ச் பலகையை இடம் மாற்றி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டார்கள். அதன் மேல் திரைச்சீலை விழுந்து மறைத்துவிடும். புதிதாக வருபவர்கள் கதவுப் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் நின்றேன், மேடம் சிரித்தார்கள். பலகையில் ஒரே மாதிரியான சுவிட்சுகள் இரண்டு வரிசையாக இருக்கும். எது ஃபேன் என்று எனக்குப் பழக நாளாயிற்று.

மேடம் மூன்றாவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கவசம் போட்ட இரண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். முகம் தெரியவில்லை. ஒருவன் கையில் கத்தி இருந்தது. பேசியதெல்லாம் அவன்தான். மற்றவன் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டிருந்தான், கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கத்தி வைத்திருந்தவன், "சத்தம் போட்டா அவ்வளவுதான். உங்க வீட்டு நகை நட்டு எல்லாத்தையும் கவர்மென்ட்டே நெட்டுல போட்டிருக்கு. படிச்சிட்டுத்தான் வந்திருக்கோம்" என்றான். அதே வாக்கியத்தை அவன் மறுபடியும் ஒரு சொல் மாறாமல் சொன்னான். சொல்லும்போது மேடத்தைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பியிருந்தான். என்னை எதற்குப் பார்த்துச் சொல்கிறான் என்று அப்போது தோன்றவில்லை. மேடத்தின் கையில் பேனா மூடி இருந்தது. அதைப் பேனாவில் பொருத்தப் பார்த்துப் பார்த்து முடியாமல் கடைசியில் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு மேடம் போட்டிருந்த வளையல்களைக் கழற்றி வாங்கினார்கள். பேசாதவன் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தான். எங்களைத் தரையில் உட்காரச் சொல்லிவிட்டுக் கத்தி வைத்திருந்தவன் முதலில் வெளியே போனான். பேசாதவன் பின்னால் போனான். கதவுக்குப் போகும் வழியில் அவன் ஜன்னல் பக்கம் ஒரு எட்டு வைத்து, திரைச்சீலைக்குப் பின்னால் கையை விட்டு, ஒரே ஒரு சுவிட்சைத் தட்டினான். ஃபேன் நின்றது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் பலகையைத் தேடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை போனது, ஃபேன் நின்றது, அவன் போய்விட்டான்.

அவர்கள் போன பிறகும் மேடம் அழவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்து, "யாரும்மா ஃபேன நிறுத்தினது?" என்று கேட்டார்கள். நான், "நான்தான் மேடம்" என்றேன்.

அப்படி ஏன் சொன்னேன் என்று நடுவர் கேட்டதற்குச் சொல்கிறேன். ஃபேன் நின்றதும் என் மனத்தில் முதலில் வந்தது என் அப்பாவின் கை. இப்படிச் செய்கிறவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் இருக்க வேண்டிய என் அப்பா அப்போது வாசலில் இல்லை. பேசாதவனுக்கும் அப்பாவின் உயரம்தான் இருக்கும். பேசினால் நான் குரலைக் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் அவன் பேசவில்லையோ என்று தோன்றியது. அதன் பிறகு வந்த போலீஸ் அதிகாரி கேட்டபோதும் ஃபேனைப் பற்றி நான் சொல்லவில்லை.

மறுநாள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காரை எடுத்துக்கொண்டு சரியான நேரத்தில் விலகிப்போனது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா, மேலாளர் சொல்லித்தான் போனேன் என்றிருக்கிறார். மேலாளர், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லிவிட்டார். அப்பா அதிகாரிகள் முன்னால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாதவர். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா கதவைத் தாழ் போட்டுவிட்டு, "நீ எதையாவது பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாத்திருந்தாலும் பாக்கல. புரியுதா? இந்தக் கூரை அவங்களுது. நான் கிண்டற குண்டான் அவங்களுது. நீ போட்டிருக்கற செருப்புகூட அவங்க குடுத்த சம்பளம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடச் சொன்னார். ஒரு தட்டு அதிகமாக வைத்துவிட்டு, பிறகு எடுத்துக் கழுவி வைத்தார்.

அதன் பிறகு அப்பாவைப் பார்க்கக் காவல் நிலையத்துக்குப் போனேன். ஒரு சின்ன அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். அப்பாவின் சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் போடப்பட்டிருந்தன. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், "செயலாளர் சார் வந்தாரும்மா. கோர்ட்டுல குடுக்க ஒரு காகிதம் எழுதறாங்களாம். நீ கையெழுத்துப் போட்டா என்னய விட்டுடச் சொல்றேன்னாரு. போட்டுடு" என்றார். நான், "அப்பா, உண்மையச் சொல்லுங்க. நீங்க அந்த ரூமுக்குள்ள போயிருக்கீங்களா?" என்று கேட்டேன். "எந்த ரூமு?" என்றார். அவருக்குப் புரியவில்லையா, புரியாத மாதிரி இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சொந்த அப்பாவைப் பார்த்து அப்படி நினைத்தேன்.

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து எழுப்பினார். வெளியே போகும்போது அப்பாவின் கை கதவோரச் சுவிட்ச் பலகைக்குப் போனது. நான் அந்தக் கையையே பார்த்தேன். அப்பா ஒரு சுவிட்சைத் தட்டினார், விளக்கு அணைந்தது. அதைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றைத் தட்டினார், வெளியே வராந்தா விளக்கு எரிந்தது. அதையும் நிறுத்திவிட்டு மூன்றாவதில் கை வைத்தார். காவலர், "யோவ், இது என்ன உன் மாமனார் வீடா? கைய எடுய்யா!" என்று கத்தினார். அப்பா, "பழக்கங்க, பழக்கம்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் வீட்டிலேயே அப்பாவுக்கு எது ஃபேன், எது விளக்கு என்று இன்றுவரை தெரியாது. நான் பிறந்ததிலிருந்து அதே வீடுதான், அதே பலகைதான். தினமும் எங்களை ஒரு தடவை இருட்டில் உட்கார வைத்த பிறகுதான் ஃபேனை நிறுத்துவார். அம்மா தினமும் திட்டுவார். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. பயத்தில் மறந்துவிட்டேன். காவல் நிலையத்து வாசலில் நின்று நான் சிரித்ததை அங்கிருந்த காவலர்கள் பார்த்தார்கள். பைத்தியம் என்று நினைத்திருக்கலாம்.

அதன் பிறகு நேற்று செயலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "பாரும்மா, உங்க அப்பா நல்ல மனுஷன், எனக்குத் தெரியாதா? அவரு மேல எங்களுக்குச் சந்தேகம் இல்லன்னு நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். நீ கண்ணால பாத்த சாட்சி. அவன் என்ன சொன்னான்னு மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போடு. அவன் சொன்னானா இல்லையா, நெட்டுல படிச்சிட்டு வந்தேன்னு?" என்றார். சொன்னான் என்றேன். "அப்புறம் என்ன? பொய் ஒண்ணும் சொல்லச் சொல்லலையே" என்றார். அது சரிதான். அந்தக் காகிதத்தில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் நடந்ததுதான். ஃபேன் மட்டும் அதில் இல்லை.

அப்போது மேலாளர் மை அட்டையையும் முத்திரையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. வைத்துவிட்டு வெளியே போனார். போகும்போது அவர் கை பின்பக்கமாகச் சுவிட்ச் பலகைக்குப் போய் ஒரே தட்டில் ஃபேனை நிறுத்தியது. செயலாளர், "யோவ், நாங்க உள்ளதானய்யா இருக்கோம்!" என்றார். மேலாளர் ஃபேனைத் திரும்பப் போட்டுவிட்டு, "சாரி சார். கை அதுபாட்டுக்குப் போயிடுது" என்றார்.

நான் மேலே பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து வேகம் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணைக் கீழே இறக்கியபோது செயலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் கதவில் நின்றுகொண்டிருந்தார், போகவில்லை. செயலாளர் பேனாவை என் பக்கம் தள்ளி, "என்னம்மா யோசன?" என்றார். குரல் முன்பு இருந்ததைவிட மெதுவாக இருந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளைக்குப் போடுகிறேன் என்று எப்படியோ சொன்னேன். அவர், "கேளு, கேளு. அம்மாவும் நம்மகிட்டதான வேலை பாக்கறாங்க" என்றார்.

மேலாளர் வழி விட்டார். என் பின்னாலேயே படி வரைக்கும் வந்தார். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை. தட்டச்சர் அக்காவின் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் கடையில் ஒரு பல் பிரஷ் வாங்கினேன். அதை வாங்கும்போதுதான் இனி அந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது என்று எனக்கே தெரிந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போலீசுக்குப் போகாத. நேரா ஜட்ஜம்மாகிட்டப் போ. நான் வரேன்" என்றார். உங்களுக்கும் வேலை போய்விடுமே என்று கேட்டதற்கு, "என் வேலை போனா இன்னொரு வேலை. உங்க அப்பாவுக்கு இன்னொரு ஆயுசு இருக்கா?" என்றார். இன்று காலை அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பேசாமல் இருந்த ஆள் யார் என்று நினைக்கிறாய் என்று நடுவர் கேட்டதற்கு: நான் நினைப்பதைச் சொல்ல மாட்டேன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். முகத்தைப் பார்க்கவில்லை. கை போன விதத்தைப் பார்த்தேன். அறையை விட்டுப் போகும்போது ஃபேனை நிறுத்துவதை எங்கள் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்வார்கள், அது சாட்சியம் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த அறையில் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதில் எது ஃபேன் என்று பார்க்காமலே தெரிந்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் என் அப்பா இல்லை. நடுவர் விரும்பினால் அவரை அந்த மாடி அறைக்கு அழைத்துப்போய் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் பார்க்கலாம். முதலில் கதவுப் பக்கச் சுவரைத் தடவுவார். பிறகு எல்லாரையும் இருட்டில் நிற்க வைப்பார்.

தலைவருக்கு இது தெரியுமா என்று கேட்டதற்கு: அது எனக்குத் தெரியாது. மேடத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று நிச்சயமாகச் சொல்வேன். அந்தப் பேனா மூடியில் பல் பதிந்திருந்தது.

பெயரையும் முகவரியையும் ஏன் மறைக்கச் சொன்னாய் என்று கேட்டதற்கு: தேடி வருவார்கள் என்ற பயம்தான். விவரம் வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்ற வரியை அந்த மனுவில் பல தடவை பிழை திருத்தியிருக்கிறேன். இப்போது எனக்காக அதே வரியைச் சொல்கிறேன். அந்த விதி சரியா தவறா என்பதைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. அதை முடிவு செய்ய உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால், எங்கள் மாடி அறையில் நடந்தது ஒரு உதாரணமாகப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக வந்தேன். அதைவிட என் அப்பாவுக்காக வந்தேன். என் அம்மா இந்த நேரத்தில் விடுதிச் சமையலறையில் இருப்பார். நான் இங்கே வந்தது அவருக்குத் தெரியாது. அவரை முதலில் அங்கிருந்து கூட்டிக்கொண்டு வர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் "சிரித்தார்" என்றிருந்ததை "சிரித்தார்கள்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. மிரட்டல் இருந்தது, அது சொல்லாமல் இருப்பதற்காக. இதில் உள்ளவை நான் பார்த்ததும் கேட்டதுமே, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்று கையெழுத்திடுகிறேன்.

(சாட்சியின் கையெழுத்து. முதல் தடவை சரியாக விழவில்லை, இரண்டாம் தடவை போட்டது கீழே உள்ளது.)

நடுவரின் குறிப்பு: சாட்சியின் தாயாரை உடனே பாதுகாப்பாக அழைத்து வர உத்தரவிடப்பட்டது. சாட்சி எழுந்து கதவு வரை சென்று, சுவிட்ச் பலகையின் அருகே நின்று, ஃபேனை நிறுத்த வேண்டுமா என்று கேட்டார். நாங்கள் இன்னும் உள்ளே இருக்கிறோம், வேண்டாம் என்று சொன்னேன். கையை இறக்கிக்கொண்டு வெளியே சென்றார்.